ஒரு கிரவுண்டு மனையில் வீட்டுத் தோட்டம்: திட்டமிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேசுவது தமிழ்நாட்டுச் சமவெளியில், ஒரு கிரவுண்டு அளவு மனையில் இருக்கும் தனி வீட்டைப் பற்றி. அதாவது 2400 சதுர அடி, சென்ட் கணக்கில் ஐந்தரை. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் பண்ணை வீட்டுக்கும் இது பொருந்தாது. மனை கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் யோசிக்கும் முறை இதேதான்.

முதலில் என்ன செடி வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய், பூத்திருப்பதைப் பார்த்து பத்துச் செடி வாங்கி வந்து, இடம் இருக்கிற பக்கமெல்லாம் குழி தோண்டுவதுதான் நம் ஊர் வழக்கம். நாலு வருடம் கழித்து செப்டிக் டேங்க் மூடி மேல் கொய்யா நிற்கும், படுக்கையறை ஜன்னலில் முருங்கை உரசும்.

ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்து மனையை வரையுங்கள். அப்புறம் அதில் சம்ப், செப்டிக் டேங்க், போர், கழிவுநீர்த் தொட்டிகள், மின்மீட்டர், ஏசியின் வெளிப்பெட்டி, மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்கள், குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடம், ஜன்னல்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் தெருவுக்கு ஓடுகிறது என்று அம்பு போடுங்கள். தோட்டத்தின் வடிவத்தில் பாதியை அந்த அம்புகளே சொல்லிவிடும். செடியின் பெயர் எழுதுவது கடைசி வேலை.

இவ்வளவு சின்ன மனையில் தோட்டத்துக்கு எவ்வளவு இடம்தான் மிஞ்சும்?

வீடு தரையில் 1300 சதுர அடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1100. கார் நிறுத்தத் தோராயமாக 170. சம்ப், செப்டிக் டேங்க் இரண்டுக்கும் சேர்த்து 150. நடைபாதை, துவைக்கும் இடம், மாடிப்படி என்று இன்னும் கொஞ்சம் போகும். கடைசியில் திறந்த மண்ணாகக் கையில் இருப்பது 400, 500 சதுர அடி. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. முன்புறம் ஒரு பட்டை, பின்புறம் ஒரு பட்டை, பக்கவாட்டில் மூன்று முதல் ஐந்து அடி அகலச் சந்து.

பக்கவாட்டுச் சந்தைப் பார்த்ததும் வரிசையாக மரம் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். குழாய் பழுது பார்ப்பவர் ஏணியோடு நுழைய வேண்டும், கேஸ் சிலிண்டர் போக வேண்டும், செப்டிக் லாரிக் குழாய் போக வேண்டும். இரண்டரை அடியைப் பாதைக்கு விட்டுவிட்டு, மதில் ஓரமாக ஓரடி மண் கிடைத்தால் கற்பூரவல்லி, தூதுவளை, சங்குப்பூ, வெற்றிலைக் கொடி போதும்.

வீடு இன்னும் கட்டவே இல்லை. இப்போதே தோட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டுமா?

இதுதான் சரியான நேரம். கட்டி முடித்தபின் செய்தால் பல மடங்கு செலவாகும் வேலைகள் சில உண்டு.

அடித்தளம் தோண்டும்போது மேலே உள்ள ஓரடி மண்ணைத் தனியாக ஒரு மூலையில் குவித்துவைக்கச் சொல்லுங்கள். உயிருள்ள மண் அதுதான். கீழிருந்து வரும் மண்ணோடு கலந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

கார் நிறுத்தும் தளத்துக்கும் நடைபாதைக்கும் காங்கிரீட் போடும் முன், குறுக்கே ஒன்றரை அங்குல பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்துவிடுங்கள். பின்னாளில் சொட்டுநீர்க் குழாயோ விளக்கு வயரோ அதற்குள் போகும். இல்லையென்றால் தளத்தை உடைக்க வேண்டும். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என்று தோட்டக் குழாய் வாய்களையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

கொத்தனார்கள் மீதிக் கலவையையும் உடைந்த செங்கல்லையும் கொட்டுவதற்கு ஓர் இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். காட்டாவிட்டால் நாளைய தோட்டம்தான் குப்பைமேடாகும். எந்த ஒப்பந்தக்காரரும் தானாக இதைக் கவனிக்க மாட்டார்.

எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்? தெற்குப் பக்கம்தான் வெயில் என்கிறார்களே?

பாதி உண்மை. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் அது உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். ஆகவே கத்திரி வெயிலில் வடக்குச் சுவரும் காயும். டிசம்பரில் கதை தலைகீழ். நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறக்குறைய 54 பாகை உயரத்தில்தான் இருக்கும்.

இதை அடியில் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தெற்கே 30 அடி உயரப் பக்கத்து வீடு இருந்தால், டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் 22 அடி தூரம் உங்கள் மனைக்குள் விழும். ஜூனில் அதே கட்டடத்தின் நிழல் எதிர்ப்புறமாக, ஐந்தாறு அடிக்கு மேல் போகாது. ஜூலையில் இடத்தைப் பார்த்து "நல்ல வெயில் இருக்கிறது" என்று தக்காளிப் பாத்தி போட்டவர்கள் மார்கழியில் ஏமாறுவது இதனால்தான். பாத்தி போடும் முன் காலை 9, நண்பகல், மாலை 4 என மூன்று வேளை, வெவ்வேறு மாதங்களில் அதே இடத்தைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள்.

மேற்குச் சுவர் சூடாகி இரவு முழுக்க வீடு வேகிறது. மரம் வைத்தால் குறையுமா?

குறையும். ஒரு மரம் மட்டும்தான் வைக்க முடியும் என்றால் அதை மேற்கில் வையுங்கள் என்பது என் கட்சி. மாலை வெயில் தாழ்வாக, சுவரில் நேராக அடிக்கும். சன்ஷேடு அதைத் தடுக்காது, மரம் தடுக்கும். மதிலுக்கும் சுவருக்கும் நடுவே 12 முதல் 15 அடி இருந்தால் புங்கன் நல்லது. நிழல் அடர்த்தி, கோடைக்கு முன்பே புதுத் தளிர் விட்டுவிடும். கிளையை அவ்வப்போது கழித்துவிட்டால் கட்டுக்குள் நிற்கும்.

ஐந்தடிதான் இருக்கிறதா? மரத்தை மறந்துவிட்டுச் சுவருக்கு ஓரடி தள்ளிக் கம்பிவலைச் சட்டம் நிறுத்துங்கள். அதில் கொடி ஏற்றலாம். முல்லை, பிரண்டை, கோவைக்காய், வெயில் நன்றாக இருந்தால் காகிதப்பூ. கொடியை நேராகச் சுவரிலேயே ஏற்ற வேண்டாம், பூச்சு போகும், கரையானுக்கும் வழி ஆகும்.

மொத்தம் எத்தனை மரம் வைக்கலாம்?

ஒரு கிரவுண்டில் பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு. அதோடு வாழை, பப்பாளி, கறிவேப்பிலை போன்றவை. இதற்கு மேல் போனால் பத்து வருடத்தில் எதுவும் காய்க்காத நிழல் காடுதான் மிஞ்சும்.

மாமரத்துக்குப் பழைய முறையில் 30 அடி இடைவெளி கேட்பார்கள், கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 15 முதல் 20 அடி. வீட்டில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, அதைப் பாதியாக்கலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டும். சோம்பல்பட்டால் மரம் மொட்டை மாடியைத் தாண்டிவிடும், பழம் அணிலுக்கும் வௌவாலுக்கும்.

எங்கு எது என்று கேட்டால், முன்புறம் பவழமல்லி, மந்தாரை, பன்னீர் மரம் போன்ற அளவான பூமரம் ஒன்று. பொறுமை இருப்பவர்களுக்கு மகிழம், மெதுவாக வளர்ந்தாலும் இலை கொட்டும் தொல்லை குறைவு. பின்புறம் எலுமிச்சை, கொய்யா, மாதுளை, ஒட்டு சப்போட்டா இவற்றில் இரண்டு. நெல்லி மட்டும் யோசித்து வையுங்கள். ஒற்றை ஒட்டு நெல்லி தனியாக நின்றால் சரியாகக் காய்க்காது, வேறு ரகம் ஒன்று பக்கத்தில் வேண்டும். அண்டை வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம்.

முருங்கை வேண்டும் என்பவர்களுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம் 1 என்ற ரகம் இருக்கிறது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய் வரும். செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளி, காய் ஓய்ந்ததும் மூன்றடியில் வெட்டிவிட்டால் கைக்கு எட்டும் உயரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு அருகில் வேண்டாம், மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வரும்.

தென்னை இல்லாத வீடு என்ன வீடு? இரண்டு தென்னையாவது வைக்கக் கூடாதா?

ஒன்று வையுங்கள். தென்னைக்குத் தென்னை 25 அடி என்பது தோப்புக் கணக்கு. அதோடு மட்டையும் நெற்றும் விழும் வட்டத்துக்குள் கார், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுக் கூரை எதுவும் இருக்கக் கூடாது. மதிலை ஒட்டி நட்டால் வெளிச்சம் தேடிப் பக்கத்து மனைக்குச் சாயும், அதன்பின் காயும் அவர்களுக்கு, சண்டையும் அவர்களோடு.

இன்னொன்று. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது ஏறக்குறைய எல்லா ஊர்த் தென்னையிலும் இருக்கிறது. அது கழிக்கும் தேன்போன்ற பிசுக்கு கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படரும். தென்னைக்கு அடியில் இருக்கும் கொய்யா, வாழை, வெற்றிலை எல்லாம் கறுத்துப்போகும். ஆகவே தென்னைக்கு அடியில் நல்ல செடி வைக்காதீர்கள். சேம்பு, மஞ்சள் போதும்.

வைக்கவே கூடாத மரங்கள் எவை?

அரசும் ஆலும் அத்தியின் உறவுகளும் ஊருக்கு வேண்டும், ஒரு கிரவுண்டு வீட்டுக்கு வேண்டாம். அவற்றின் வேர் சம்ப்பையும் மதிலையும் பிளக்கும். வேம்பு நம் மரம்தான், ஆனாலும் 40 அடிக்கு மேல் போகும். முழு மரமாக நிற்க இடம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

கோனோகார்பஸ் என்று ஒன்றை வேலிக்கு விற்பார்கள். வேகமாக வளரும், பச்சைச் சுவர் போல நிற்கும். குஜராத் 2023-இல் அதை நடத் தடை விதித்தது, பிறகு தமிழ்நாடும் விதித்தது. மகரந்தத்தால் ஒவ்வாமை, குழாய்க்குள் நுழையும் வேர் என்று இரண்டு புகாரும் அதன் மேல் உண்டு.

2016 டிசம்பர் 12 அன்று சென்னையை வார்தா புயல் அடித்தபோது தெருவெல்லாம் விழுந்து கிடந்தவற்றில் பெரும்பங்கு குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற மேலோட்ட வேர் மரங்கள். கடலோர மாவட்டங்களில் வீட்டை ஒட்டி இவற்றை வைப்பது தெரிந்தே வினையை வாங்குவது. புன்னை, பூவரசு, மகிழம் எல்லாம் காற்றை நன்றாகத் தாங்கும்.

எந்த மரமானாலும் செப்டிக் டேங்க், சம்ப் இரண்டிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும்.

மழைநீர்த் தொட்டி கட்டியாயிற்று. அதற்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஆனால் பல வீடுகளில் அது அனுமதிக்காகக் கட்டி, மூடி போட்டு மறந்த குழியாக இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். 1200 சதுர அடி மொட்டை மாடியில் அது ஒன்றரை லட்சம் லிட்டர். ஆவியானதும் சிதறியதும் போக ஒன்றேகால் லட்சம் கைக்கு வரும். இதைத் தெருவுக்கு விட்டுவிட்டு ஏப்ரலில் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டது நினைவிருக்கும்.

தோட்டத்தை வடிவமைக்கும்போது வீட்டைச் சுற்றி மண் வெளிப்பக்கம் சரியட்டும். பத்தடிக்கு இரண்டரை அங்குலம் போதும். அந்தச் சரிவு முடியும் இடத்தில் பாத்திகள் நடைபாதையை விட மூன்று நான்கு அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். நம் ஊரில் எல்லோரும் செங்கல் கட்டிப் பாத்தியை உயர்த்துகிறார்கள். தண்ணீர் பாதையில் ஓடித் தெருவுக்குப் போகிறது, செடி வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கிறது. தாழ்ந்த பாத்தி என்றால் ஒவ்வொரு மழையும் அங்கே இறங்கும். நிரம்பி வழிவதை உறிஞ்சுகுழிக்கு விடுங்கள். மணல் பாங்கான பகுதியில் ஆழமில்லாத குழியே குடித்துவிடும். களிமண் பகுதியில் உறை இறக்கி, மணல் அடுக்கு தட்டும்வரை போக வேண்டும்.

தண்ணீர் தேங்கும் வேளச்சேரி போன்ற தாழ்வான பகுதி என்றால் இதைத் திருப்பிப் போடுங்கள். மரத்தை மேட்டில் நடுங்கள். பப்பாளியும் எலுமிச்சையும் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே வேரழுகிவிடும்.

துணி துவைத்த தண்ணீர், குளியலறைத் தண்ணீரைச் செடிக்கு விடலாமா?

விடலாம். நம் பாட்டிமார் துவைகல்லுக்குப் பின்னால் வாழை வைத்தது சும்மா இல்லை. வாழை, கல்வாழை, சேம்பு மூன்றும் சோப்புத் தண்ணீரைத் தாங்கும், நிறையக் குடிக்கும். மூன்றடி அகலக் குழி எடுத்து அடியில் ஜல்லி, மேலே மணல், ஓரத்தில் இரண்டு வாழைக்கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் தாய்மரம் ஒன்று, அடுத்து வரும் கன்று ஒன்று, மற்றவற்றை வெட்டிவிடுங்கள்.

வாஷிங் மெஷின் தண்ணீர் கீரைக்கும் எலுமிச்சைக்கும் ரோஜாவுக்கும் வேண்டாம். உப்பு சேரும். சமையலறைத் தொட்டித் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு வரும், வடிகட்டி வைக்காமல் விட்டால் குழி ஒரு மாதத்தில் நாறும். கழிப்பறைத் தண்ணீர் இந்தப் பேச்சிலேயே கிடையாது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. என்ன வளரும்?

தென்னை, சப்போட்டா, நெல்லி, புன்னை, பூவரசு, அரளி, காகிதப்பூ. எலுமிச்சை, ரோஜா, அவகாடோ இவற்றை மறந்துவிடலாம். கோடை முழுக்க உப்புத் தண்ணீர் விட்டாலும் ஐப்பசி கார்த்திகை மழை மண்ணைக் கழுவிவிடும். அதற்கு மண் வடிய வேண்டும். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் போர் தண்ணீரை விட உப்பு அதிகம், அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள். ஏசியில் சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, துளசிக்கும் ரோஜாவுக்கும் அதைப் பிடித்து ஊற்றலாம்.

புல்தரை வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள்.

இதில் நான் நடுநிலை இல்லை, சொல்லிவிடுகிறேன். கோடையில் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் கேட்கும். 500 சதுர அடி என்றால் தினம் 230 லிட்டருக்கு மேல். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கணக்கிடும் தண்ணீரே 135 லிட்டர்தான். புல்தரை போட்டால் வீட்டில் கூடுதலாக இரண்டு பேர் குடியேறியது போல.

குழந்தை விளையாட, மாலையில் கால் நீட்டி உட்கார வேண்டும் என்றால் 100 சதுர அடி போதும். காலை வெயில் விழும் இடத்தில் போடுங்கள். கொரியன் புல் பார்க்க அழகு, நிறைய வெயில் வேண்டும், மேடு பள்ளமாக வளரும். நிழல் இருந்தால் பஃபலோ புல். எதற்கும் அசையாதது நம் அருகம்புல்தான். கூடவே களையும் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

செயற்கைப் புல் மே மாதத்தில் வெறுங்காலை வைக்க முடியாத அளவு சுடும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பராமரிக்க முடியாது, சுற்றிலும் டைல்ஸ் போட்டுவிடலாம் என்கிறார் கணவர்.

பாதைக்கும் காருக்கும் மட்டும் போடச் சொல்லுங்கள். காருக்குச் சக்கரம் உருளும் இரண்டு பட்டைகள் மட்டும், நடுவில் மண். பாதைக்குக் கடப்பா கல்லை நடை தூரத்துக்கு ஒன்றாகப் பதிக்கலாம். கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு இரண்டடி இருந்தால் வயதானவர்களும் இயல்பாக நடப்பார்கள். பேவர் பிளாக் என்றால் அடியில் மணல் படுகை போடச் சொல்லுங்கள். காங்கிரீட் தளம் போட்டு அதன்மேல் பேவர் ஒட்டினால் அது வெறும் டைல்ஸ்தான், ஒரு சொட்டும் இறங்காது. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும் பளபளப்புக் கல் வெளியில் எங்கும் வேண்டாம்.

மண் சரியில்லை. லோடு செம்மண் அடிக்கலாமா?

முதலில் இருக்கிற மண்ணைப் பாருங்கள். ஒரு அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை நாலைந்து மணி நேரத்தில் வடிந்தால் நல்ல மண். மறுநாளும் நின்றால் களி. பத்து நிமிடத்தில் மறைந்தால் மணல். களிக்கும் மணலுக்கும் மருந்து ஒன்றுதான்: தொழுவுரம், இலைமக்கு, மறுபடியும் தொழுவுரம். களிமண்ணில் ஆற்று மணலைக் கொஞ்சமாகக் கலந்தால் இறுகித்தான் போகும்.

புது வீட்டில் பெரிய தொல்லை சிமெண்ட் இடிபாடு. மேலே அரை அடி செம்மண் போட்டு மூடி, பச்சைப்பசேல் என்று காட்டிவிட்டுப் போவார்கள். வேர் கீழே தொட்டதும் இலை வெளுக்கும். குறைந்தது ஒன்றரை அடிக்குத் தோண்டி இடிபாட்டை அள்ளி வெளியேற்றிய பிறகுதான் செம்மண் லோடு. தேங்காய் நார்க்கழிவு போடுவதானால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். மேல்மண் மட்டம் வீட்டின் பேஸ்மெண்டை விட அரை அடியாவது தாழ்ந்திருக்கட்டும். இல்லையென்றால் சுவர் ஈரம் குடிக்கும்.

காய்கறிக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம்?

ஐந்து ஆறு மணி நேரம் நேர் வெயில் விழும் இடம் எவ்வளவோ அவ்வளவு. கீரைக்கு நாலு மணி நேரம் போதும். மூன்றடிக்கு மேல் அகலப் பாத்தி போடாதீர்கள், இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தவரை, அவரைப் பந்தல். ஆடிப்பட்டத்தில் ஆரம்பித்தால் மழை கைகொடுக்கும். வெயில் தரையில் கிடைக்காவிட்டால் மாடிதான்.

மாடியில் பாத்தி கட்டலாமா?

பொறியாளரைக் கேட்காமல் கட்டாதீர்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். ஓரடி ஆழ ஈர மண் அதே இடத்தில் 500 கிலோ இருக்கும். பைகளில் நார்க்கழிவும் மண்புழு உரமும் அதிகம், மண் கொஞ்சம் என்று கலந்து, பைகளைச் சுவருக்கும் உத்திரத்துக்கும் மேலாக வரிசையாக வையுங்கள். தளத்தில் நேராக வைக்காமல் தாங்கியில் தூக்கி வைத்தால் அடியில் ஈரம் நிற்காது.

தோட்டம் வைத்தால் கொசுவும் பாம்பும் வருமே?

டெங்கு கொசு செடியில் பிறப்பதில்லை, தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த வாளி எதுவும் வானத்தைப் பார்த்துக் கிடக்கக் கூடாது. தாமரைத் தொட்டி வைத்தால் கப்பி மீன் நாலு விடுங்கள். கொசுவை விரட்டும் செடி என்று விற்பவை சும்மா நின்றால் எதையும் விரட்டாது.

மனோரஞ்சித வாசனைக்கும் தாழம்பூவுக்கும் பாம்பு வருவதில்லை. எலிக்கு வருகிறது. மரக்கட்டை, செங்கல் குவியல், மூடாத குப்பை இவற்றை அகற்றினால் எலி குறையும். பாதையின் இருபுறமும் ஓரடிக்குத் தாழ்வான செடியாக இருக்கட்டும், இரவில் கால் வைக்கும் இடம் தெரியும்.

வாஸ்துப்படி எப்படி அமைப்பது?

தென்மேற்கில் உயரமான மரம், வடகிழக்கு திறந்த வெளி என்பார்கள். மாலை வெயிலைத் தடுத்துக் காலை வெளிச்சத்தை உள்ளே விடுவதற்கும் அது பொருந்தத்தான் செய்கிறது. தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சாஸ்திரம் சொன்ன மூலையில் செப்டிக் டேங்க் இருந்தால், மரத்தை வேறு மூலைக்கு மாற்றுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கிறது. எதைத் தவிர்ப்பது?

தங்க அரளியை முதலில். மஞ்சள் பூவோடு வேலியில் நிற்குமே, அதன் கொட்டை இதயத்தை நிறுத்தக்கூடிய விஷம். சாதா அரளியும் விஷம்தான். உள்ளறைகளில் வைக்கும் புள்ளி இலை டைஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும். அரளிக்குப் பதில் செம்பருத்தி, இட்லிப்பூ இருக்கின்றன. நாய் வளர்ப்பவர்களும் இதே பட்டியலைப் பின்பற்றலாம்.

பூச்சிக்கு மருந்து அடிக்காமல் முடியுமா?

பெரும்பாலும் முடியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளித்தால் போதும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போலத் தெரியும் புழு, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குழந்தை. செடி பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

2008-இல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. அடித்த மருந்துக்கெல்லாம் அசையவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட குளவிகள்தான்.

நர்சரியில் பெரிய செடி வாங்குவதா, சின்னதா?

சின்னது. ஆறடி உயரத்தில் பையில் நிற்கும் மரத்தின் வேர் உள்ளே சுருண்டு கிடக்கும். ஒரு வயது, இரண்டு வயதுக் கன்று நிலத்தில் அதை எளிதில் முந்திவிடும். ஒட்டுச் செடி என்றால் ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிட வேண்டும். ஆந்திரத்துக் கடியத்திலிருந்து லாரி லாரியாக வருபவை உட்பட, களிமண் உருண்டையோடு வரும் செடியை நடும்முன் உருண்டையை நனைத்து மெதுவாகத் தளர்த்துங்கள். பழமரத்துக்கு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் விசாரியுங்கள், ரகம் நம்பகமாக இருக்கும்.

பணம் ஒரேயடியாகப் போட முடியாது. எந்த வரிசையில் செய்வது?

முதல் ஆண்டு மண்ணுக்கும் தண்ணீருக்கும். இடிபாடு அகற்றல், சரிவு, உறிஞ்சுகுழி, குழாய், பாதை. பார்க்க ஒன்றும் தெரியாது, சொந்தக்காரர்கள் "தோட்டம் எங்கே?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த வருடம் வெறும் மண்ணில் தட்டைப்பயறு, சணப்பை விதைத்துப் பூக்கும்போது மடக்கிவிடுங்கள், மண் தேறும்.

மரக்கன்றுகளையும் அதே ஆண்டு நட்டுவிடலாம், அவைதான் வளர நாள் எடுக்கும். கோவை, தேனிப் பக்கம் ஜூன், ஜூலையில். கடலோரத்தில் புரட்டாசியில் நட்டால் வடகிழக்கு மழைக்கு முன் வேர் பிடித்துவிடும், கூடவே குச்சி ஊன்றிக் கட்டுங்கள். மாவுக்கு மூன்றடிக் குழி, கறிவேப்பிலைக்கு ஒன்றரை அடி. மரத்தடியில் உரித்த தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் கீழாகப் பரப்பி, மேலே சருகு மூடாக்குப் போட்டால் கோடையில் வாரம் இரண்டு தண்ணீர் போதும்.

பூச்செடி, கொடி, பாத்தி எல்லாம் இரண்டாம் ஆண்டு. மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனியிலிருந்து பூக்கும். விளக்கு, ஊஞ்சல், நீரூற்று எல்லாவற்றையும் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

மொத்தமாக ஒப்பந்தக்காரரிடம் விட்டால்?

விடலாம், மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை அடி ஆழம் மண் மாற்றுவீர்கள்? நட்டபின் எத்தனை மாதம் பராமரிப்பு, செத்த செடியை மாற்றித் தருவீர்களா? மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட தோட்டம் ஒன்றைக் காட்ட முடியுமா? முதல் நாளே நிரம்பித் தெரிய வேண்டும் என்று ஓரடிக்கு ஒரு செடி நெருக்கி நடுவார்கள், ஆறு மாதத்தில் பாதியைப் பிடுங்க வேண்டியிருக்கும். வரைபடத்தில் செடியின் முழு வளர்ச்சி அகலத்தை வட்டமாகப் போடச் சொல்லுங்கள். போட மறுப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.